குடை வைத்த கட்டம்

நான்காக மடித்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்கள் பழந்துணிபோலத் தளர்ந்துவிட்டன. அதில் உள்ளது ஓர் அட்டவணை; ஆனால் பார்த்தவுடன் அப்படித் தெரியாது. மேலும் கீழும் சமக்குறிகளை நீளமாக அடுக்கிய இரண்டு வரிகள், நடுவே சில சொற்கள், சில எண்கள், எண்ணி விட்ட வெற்றிடங்கள். இடப்பக்க ஓரத்தில், முதல் சொல் இருக்க வேண்டிய இடத்தில், நான்கு வரிசைகளில் மட்டும் ஒரு சாய்கோடு தனியாக நிற்கிறது. தலை இடப்பக்கம் சாய்ந்த கோடு. அவற்றில் ஒன்றைப் பென்சிலால் வட்டமிட்டு ‘இது எதற்கு?’ என்று நான் எழுதியிருக்கிறேன். அதன் கீழே நீல மையில் வேறொரு கையெழுத்து: ‘சீட்டுப் பிடிக்க.’

அந்த நீல மைக்கு உரியவரை அலுவலகத்திலும் ரயிலிலும் எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். எங்களிடம் வருவதற்கு முன் பாறசாலையில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வேலை மாறியும் பெயர் மாறவில்லை. கொல்லயில் ஊர்க்காரர், பழைய மிஷன் சபைக் குடும்பம். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது, எனக்கு ஐம்பத்தாறு. திருவனந்தபுரத்தில் இருந்த எங்கள் அலுவலகம், இயந்திரம் செய்யும் நிறுவனங்களுக்குக் கையேடு எழுதிக் கொடுத்தது. நான் ஆங்கில எம்.ஏ. படித்தவன்; இளம் வயதில் தட்டச்சு இயந்திரத்தில் பக்கம் பக்கமாக அட்டவணை அடித்துப் பெயர் வாங்கியவன். வயதின் காரணமாக அந்தப் பிரிவுக்கு நான் தலைவன். வேலை தெரிந்தவர் டீச்சர். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கையேடுகளை நாங்கள் வெறும் எழுத்தில்தான் எழுதினோம். தடித்த எழுத்து, கோடு போட்ட பெட்டி, வண்ணம் ஒன்றும் கிடையாது. தலைப்புக்குக் கீழே ஒரு குறி, அட்டவணைக்கு மேலும் கீழும் சமக்குறிகள் என்று சில அடையாளங்களை இட்டு வைத்தால், ஒரு மென்பொருள் அதைப் படித்து அச்சுப் பக்கமாக்கித் தரும். அந்த மென்பொருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த வகை அட்டவணையில் ஒரு வரிசையின் முதல் கட்டம் வெறுமையாக இருந்தால், அதைத் தனி வரிசையாக ஏற்காது. மேல் வரிசையின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் நாமோ மேலே ‘ரப்பர் குழாய்’ என்று எழுதிவிட்டால், அதே குழாயைப் பற்றிய அடுத்த வரிசையில் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதமாட்டோம். இடத்தை வெறுமையாக விடுவோம். அப்படி விடும் இடத்தில் ஒரு சாய்கோட்டை இட்டுவிட்டால் போதும். அச்சில் அது தெரியாது. இங்கே சொல் இல்லை, ஆனாலும் இது தனி வரிசை என்று மென்பொருளிடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

இதைத்தான் டீச்சர் ‘சீட்டுப் பிடிக்க’ என்று எழுதினார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவில் பக்கமிருந்து வரும் காலை வண்டியில் அவர் பாறசாலையில் ஏறுவார், நான் நெய்யாற்றின்கரையில் ஏறுவேன். பாறசாலையில் உட்கார இடம் இருக்கும். என் நிலையத்தில் கதவுக் கம்பியைப் பிடிக்கவே இடம் இருக்காது. ஆகவே டீச்சர் தம் பக்கத்து இருக்கையில் மடக்கிய கறுப்புக் குடையைச் சாய்த்து வைத்துவிடுவார். துண்டு, செய்தித்தாள், சோற்றுப் பை என்று ஏதாவது ஒன்று கிடக்கும் இருக்கையில் அந்த வண்டியில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒன்றும் வைக்காமல் விட்டால் இரு பக்கத்தவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே ஓர் இடம் இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

எதிரில் ஒரு வங்கி ஊழியர் உட்காருவார். எல்லோருக்கும் அவர் பாங்குக்காரர். ஒரு காலை நான் ஏறி நெரிசலில் நகர்ந்து வந்துகொண்டிருக்கும்போதே அவருடைய குரல் கேட்டது. ஒரு கல்லூரிப் பையன் குடையை ஒதுக்கிவிட்டு உட்காரப் பார்த்திருக்கிறான்.

“எலே, எழும்புலே. அது சாருக்க சீட்டாக்கும்.”

“ஆளே இல்லியே அண்ணா.”

“குட இருக்குல்லா? குட இருந்தா ஆள் உண்டு. ஒனக்க கண்ணுக்குத் தெரியல்லன்னா அது சாருக்க குற்றமா?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். ஆறு ஆண்டுகள் அந்த இருக்கையில் நான் போனேன். மாலையில் திரும்பும்போதும் அதே ஏற்பாடுதான். அவர் முன்னால் போய் இடம் பிடிப்பார். நான் மேசையை ஒழுங்குசெய்துவிட்டு, நடக்கும் வேகத்திலேயே பின்னால் வருவேன்.

இனி என் தவறு. சிறு மருத்துவமனைகளுக்கான நீராவிச் சுத்திகரிப்புப் பெட்டி ஒன்றின் கையேட்டை முடித்திருந்தோம். எந்தப் பொருளை எத்தனை நிமிடம் உள்ளே வைக்க வேண்டும் என்ற அட்டவணைதான் அதன் உயிர். அதைச் செய்தவர் டீச்சர். நான் சரிபார்த்து, அச்சுப்படி சரி என்று கையெழுத்திட்டேன். அதற்கு முந்தைய வாரக் கூட்டத்தில், நான் செய்த வேறோர் அட்டவணையைத் திரையில் காட்டியபோது அதன் ஓரம் பிசகி எண்கள் பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தன. எல்லோர் முன்னாலும் டீச்சர் அதை அரை நிமிடத்தில் சரிசெய்தார். அன்று மாலை வண்டியில் பாங்குக்காரரிடம், “சாருக்க டேபிள் இஸ்திரி போட்ட சட்டையாக்கும். மடிப்பு கலையாது. பட்டனத்தான் காணாது” என்றார். வண்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்தபடியே அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கையேட்டை அனுப்ப வேண்டிய நாளில், வாடிக்கையாளரின் ஆள் தொலைபேசியில் சரி சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணி ஐந்தரை. டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். அவருடைய கணினியில் கோப்பு திறந்தே இருந்தது.

“சாரே, அவர் சரின்னு சொன்னா உடனே இத அப்படியே அனுப்புங்க. ஒண்ணும் தொடாண்டாம். நான் போய் சீட்டுப் பிடிக்கேன்.”

அவர் போய்ச் சிறிது நேரம் கழித்துத் தொலைபேசி வந்தது. சரி என்பதோடு, மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். தங்கள் பொறியாளர் அதைப் பார்க்க விரும்புகிறாராம். நான் டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அட்டவணையைப் பார்த்தேன். நான்கு சாய்கோடுகளும் என் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தன. முதல் கட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் தட்டச்சுக் காலத்துப் பாடம். நான்கையும் அழித்தேன். அழித்த இடங்களில் ஒவ்வொரு வெற்றிடம் தட்டினேன். எண்கள் நகரக் கூடாதல்லவா, அந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன். மென்பொருளை ஓட்டி அச்சுப் பக்கம் எப்படி வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

அழகுக்காகச் செய்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதி, பட்டன் இல்லாத சட்டை. விதி எனக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அந்த அட்டவணையைச் சரிபார்த்தபோது நான் கேள்வி எழுதிய இந்தத் தாள் என் கையில் இருக்கிறதே. அதெல்லாம் டீச்சரின் அதிகப்படியான கவனம், கோடு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நம்ப விரும்பினேன். அவருக்குத் தெரிந்தது முழுவதும் அவசியமானதுதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் நிலையத்துக்குப் போனபோது வண்டி போய்விட்டிருந்தது. மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் டீச்சர், “நேத்து பாலராமபுரம் வரைக்கும் உங்களுக்க சீட்டுல குடையாக்கும் யாத்திர செய்தது” என்றார்.

“டீச்சரே, குடைக்கு டிக்கெட் எடுத்திருந்துதா?” என்றார் பாங்குக்காரர். “பரிசோதகர் வந்திருந்தா, சார் உள்ள மடங்கி இருக்காருன்னு சொல்லியிருப்பேன்.”

அன்றும் நான் சிரித்தேன். கோடுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கோப்பை மாற்றி அனுப்பியிருப்பார்.

சில மாதங்கள் கழித்துச் செய்தி வந்தது. ஒரு மருத்துவமனையில் ரப்பர் குழாய்கள் பெட்டிக்குள்ளேயே உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டன. அங்கிருந்த செவிலியர், புத்தகத்தில் முப்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது என்றாராம். புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள், போட்டிருந்தது. நான் அனுப்பிய மூலக் கோப்பை மென்பொருளில் ஓட்டித்தான் அதை அச்சிட்டிருந்தார்கள். உறையிடாத குழாய்க்கு 3, உறையிட்டதற்கு 5 என்று தனித்தனியாக நின்ற இரண்டு வரிசைகள், இரண்டாவதன் முதல் கட்டத்தில் இருந்த கோடு போனதும் ஒன்றாகி, ஒரே கட்டத்தில் 3 5 என்று ஒட்டி அச்சாகியிருந்தன. ஒடுங்கிய எழுத்தில் அந்த இடைவெளி யாருக்குத் தெரியும்? அச்சிட்ட படிகள் எல்லாவற்றையும் அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. எங்கள் அலுவலகத்துக்குக் கடுமையான கடிதம் வந்தது.

ஒவ்வொரு மாற்றமும் யாருடைய கணக்கில், எந்த நேரத்தில் நடந்தது என்று கணினி பதிந்து வைக்கும். பதிவில் டீச்சரின் பெயர் இருந்தது. நேரம், மாலை ஆறு மணி கழிந்து பத்து நிமிடம். மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். டீச்சர் நிதானமாகச் சொன்னார்: ஐந்தரைக்கே தான் கிளம்பிவிட்டதாகவும், அந்த நேரத்தில் வண்டியில் இருந்ததாகவும். யார் செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. மேலாளர் என் பக்கம் திரும்பி, நீங்கள் சேர்ந்துதானே போவீர்கள், அன்று டீச்சர் முன்கூட்டியே போனாரா என்று மலையாளத்தில் கேட்டார்: “நிங்ஙள் ஒருமிச்சல்லே போகாறு? அன்னு டீச்சர் நேரத்தே போயோ? சாருக்கு ஓர்மயுண்டோ?”

ஓர்மை என்பது எங்கள் பக்கத்துத் தமிழிலும் உள்ள சொல்தான். நினைவு. என் வீட்டில் தினமும் புழங்கிய சொல். குடை பயணம் செய்த கதை எனக்கு ஓர்மையில் இருந்தது. பாங்குக்காரரின் சிரிப்பு இருந்தது. நான்கு முறை தட்டிய வெற்றிடம் என் கட்டைவிரலில் இருந்தது. டீச்சர் மேலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓர்மயில்ல” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. டீச்சரின் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிக்கப்பட்டது. கொடுத்த கடிதத்தில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இருந்தது. இந்தத் தொழிலில் அந்தச் சொல்லோடு வேறு கதவைத் தட்ட முடியாது. அவர் இரண்டு மூன்று இடங்களில் தட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசி நாளில் அவர் மேசையைக் காலி செய்தபோது நான் மாடியில் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய், ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருந்தேன். மறு வாரத்திலிருந்து வேறு பெட்டியில் ஏறத் தொடங்கினேன். வீட்டில் என் மனைவி, டீச்சர் இப்போது வருவதில்லையா என்று கேட்டாள். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவள் இறக்கும்வரை அதையே நம்பினாள். மழைக்காலத்தில் டீச்சர் வீட்டுக் கப்பை என்ற மரவள்ளிக் கிழங்கு வரவில்லையே என்று மட்டும் ஒன்றிரண்டு முறை சொன்னாள்.

டீச்சர் மறுபடி கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்னர் கொல்லயிலில், மக்களுக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். அது எனக்குத் தெரியும். ஆகவே என் சான்றிதழ் வேலைகள் எல்லாவற்றையும் நெய்யாற்றின்கரையிலேயே முடித்துக்கொள்வேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் விரல் பதிக்க வேண்டும். இந்த ஆண்டு இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும், நான் நான் இல்லை என்றே சொன்னது. கடைக்காரப் பெண், “கொல்லயில் டீச்சருக்க கடையில கண்ண வச்சு எடுக்கிய மெஷின் உண்டு. அங்க போங்க அப்பச்சா” என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு மூதாட்டி படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“இந்தக் கட்டத்துல எழுத எனக்கு ஒண்ணும் இல்லியே டீச்சரே. விட்டிரட்டா?”

“விடப்பிடாது அம்மச்சி. ஒரு வர போடுங்க, சின்னக் கோடு. வெறுத விட்டா ஆபீசுல ஆராவது எதையாவது எழுதிப் போடுவினும்.”

“எனக்க கெட்டினவரும் வீட்டு மூலையில ஒரு வரயாட்டு கிடக்காரு. அவரையும் போடணுமா?”

“அவருக்கு மேல தனிக் கட்டம் உண்டு.”

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. முகத்தில் வியப்பு எதுவும் இல்லை; முந்தின நாள் வண்டியைத் தவறவிட்டவனைப் பார்ப்பதுபோல, “வாருங்க சாரே. இரியுங்க” என்றார்.

மூதாட்டி போன பிறகு என் முறை வந்தது. விரலை ஒரு முறை வைத்துப் பார்த்தார். “டைப் அடிச்சு அடிச்சு ரேகையெல்லாம் அழிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டு, ஒரு சிறு கருவியை என் கண்ணருகே பிடித்தார். “கண்ண நல்லா தொறந்து பிடிங்க. சிமிட்டப்பிடாது.” நான் சிமிட்டாமல் இருந்தேன். கண்ணில் நீர் வந்தது. அது கருவியால் வந்ததாகவும் இருக்கலாம். இயந்திரம் என்னை ஏற்றுக்கொண்டது. நான் உயிரோடு இருப்பதாக ஒரு தாளை அச்சிட்டுத் தந்தார். நான் என் தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தேன்.

“டீச்சரே, அன்னைக்கு அது நானாக்கும்.”

“எது?”

“கோட்ட எடுத்தது.”

“அது எனக்குத் தெரியுமே. கோடு கிடந்த எடத்துல எண்ணி ஸ்பேஸ் தட்டி வைக்க உங்களுக்கல்லாம வேற ஆருக்கு வரும்? அத எடுத்தது கைதெற்று, கைப்பிழை. ஆருக்கும் வரும்.” அவர் நிறுத்தினார். “பிறகு?”

பிறகு என்ன என்று எனக்குத் தெரியும்.

“மேனேஜர் கேட்டப்போ ஓர்மயில்லன்னு சொன்னது.”

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “ஓர்ம உண்டா?”

“உண்டு.”

வெளியே ஒரு பேருந்து நின்று போனது. அவர் வட்டமிட்ட கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். “நீங்க உள்ளத சொல்லியிருந்தா உங்களுக்கு வேல போயிருக்குமா சாரே?”

பொய் சொல்ல அது கடைசி வாய்ப்பு. “இல்ல. ஒரு திட்டு கிடைச்சிருக்கும். அவ்வளவுதான்.”

“ம்” என்றார். அந்த ஒரு எழுத்தில் பதினெட்டு ஆண்டுகள் போயின. பாங்குக்காரரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். “நான் சீட்டுப் பிடிச்சது உங்களுக்காக்கும். நீங்களே இல்லன்னு சொன்ன பிறகு, எதிர் சீட்டுக்காரர விளிச்சு என்ன செய்யியது?” என்றார். அவர் குரல் உயரவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அலுவலகத்துக்கு எழுதி அந்தக் கடிதத்தைத் திருத்தச் சொல்கிறேன் என்றேன். “அந்த ஆபீசே இல்ல சாரே. இப்ப அங்க கல்யாணத் துணிக்கட. ஆருக்கு எழுதுவிய?” என்று முதல் முறையாகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா எழுதுங்க. நாலுபேர் படிக்கிய எடத்துல எழுதுங்க. எனக்க பேரு போடாண்டாம், பிள்ளையள் உண்டு. அதுக்காட்டு அந்த எடத்த வெறுத விட்டிராதீங்க” என்றார். அடுத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

நெய்யாற்றின்கரைக்குத் திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஏறிய ஒருவர் ஆள் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நகர்ந்து கொடுத்தேன்.

இப்போது இதை எழுதும்போது தாள் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. நீல மை மங்கவில்லை. அன்று ஓர்மை இல்லை என்றவன் ஓர்மையிலிருந்து எழுதியது இது. அவர் பெயர் வர வேண்டிய இடங்களில் எல்லாம் டீச்சர் என்று சாய்த்து வைத்திருக்கிறேன். இதை அச்சிடுகிறவர்கள், அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, சில இடங்களில் எடுத்துவிட்டால் வாசிக்க அழகாக இருக்கும் என்று நினைக்கலாம். எடுக்க வேண்டாம். அங்கே ஆள் உண்டு.